மாவறையின் பிரம்மரிஷி

மாவு மூட்டைகளை இறக்குவதற்காகத்தான் அவர் முதன்முதலில் அந்த ரொட்டிக் கூடத்துக்கு வந்தார். அப்போது அவர் லாரி ஓட்டுநர். லாரி அவருடைய சொந்தம். கதவை அறைந்து சாத்திவிட்டு அவர் இறங்கும் தோரணை, நாடொன்றை வென்றுவிட்டு வந்தவரைப் போலிருக்கும் என்று ரொட்டிகளை உறையிலிடும் பெண்மணி பிற்காலத்தில் நடித்தே காட்டுவார். அந்தப் பெண்மணி எல்லோருக்கும் பேக்கிங் அக்கா. உறவினர்களில் பலர் லாரிக்காரரின் வாழ்க்கையை அவருடைய திருமணத்திலிருந்து தொடங்கிச் சொல்கிறார்கள். அது சரியன்று. அது தொடங்கியது ஒரு பிடி மாவில்.

அன்று பெருமழை. சாலை மூழ்கியதால் வண்டிகள் அப்படியப்படியே நின்றுவிட்டன. கூடத்தின் தலைமைப் பணியாளரை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைத்தார்கள். அவர் ஓட்டுநர்களையும் பேருந்துப் பயணிகளையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சுடச்சுட ரொட்டி கொடுத்துக்கொண்டே இருந்தார். ஈஸ்ட் வந்து சேரவில்லை என்று காலையில் புலம்பியவர்கள் இப்போது எதைக் கொண்டு மாவைப் பொங்கவைக்கிறார்கள் என்று லாரிக்காரருக்கு வியப்பு. கேட்டார். மாஸ்டர் ஒரு பீங்கான் ஜாடியைத் திறந்து காட்டினார். உள்ளே புளித்து நுரைத்த பழைய மாவு. தாய்மாவு என்பார்கள். அதிலிருந்து ஒரு பங்கை எடுத்துப் புது மாவில் சேர்த்து, எடுத்த அளவுக்கு மாவும் நீரும் ஊட்டி வைத்தால், எடுக்க எடுக்க அது குறையாது.

“இதுல கொஞ்சம் குடுங்க. வீட்டுல வெச்சுக்கறேன்.”

“சும்மா எடுத்துட்டுப் போற பொருள் இல்லப்பா இது. தினம் கவனிக்கணும். உனக்கு லாரியக் கவனிக்கவே நேரம் பத்தாது.”

“ஒரு பிடி மாவுக்கு இவ்வளவு பிகு பண்றீங்களே.”

“பிகு எல்லாம் இல்ல. பழகாதவன் கையில செத்துடும்.”

மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, லாரிக்காரர் ஒரு பிடியைத் தன் சாப்பாட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டு, சாலையில் நீர் வடிந்ததும் கிளம்பினார். இன்ஜின் சூட்டில் அது சும்மா கிடக்குமா? போகும் வழியிலேயே மூடி தெறித்தது. மாவு கியர்த் தண்டில் வழிந்து பிரேக் மிதிவரை இறங்கியது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, முழங்காலுக்குக் கீழே மாவு அப்பிய கோலத்தில் அவர் நடந்தே திரும்பி வந்து தண்ணீர் கேட்டார். முன்கடையில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்த மாஸ்டரின் தங்கை அவரை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பு தாங்காமல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள்.

அந்தச் சிரிப்பு கல்யாணத்தில் முடிந்தது என்பதில் குடும்பத்தில் கருத்து வேறுபாடு இல்லை.

அவளுடைய தகப்பனாருக்கு முனிவர் கதைகளைத் தவிர வேறு கதை தெரியாது. எந்த முனிவர் கடலைக் குடித்தார், எவர் கோபத்தில் எவரைக் கல்லாக்கினார், எவர் கமண்டலத்தில் நதி அடங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தவர். மகனுக்கு அவை ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயின. மகளிடம் தங்கிவிட்டன. ஆகவே திருமணமான புதிதில், மாவுத் திருட்டுப் பேச்சு வந்தபோதெல்லாம் அவள் கணவனிடம் சொல்வாள்:

“நீங்க பண்ணது ஒண்ணும் புதுசில்ல. உங்களுக்கு முன்னாடியே ஒரு ராஜா பண்ணிட்டாரு.”

கௌசிகன் என்ற அரசன் படையோடு வேட்டைக்குப் போன இடத்தில் வசிஷ்டர் அவனுக்கும் அவன் படைக்கும் விருந்து வைத்தார். கேட்டதையெல்லாம் தரும் பசு ஒன்று அவரிடம் இருந்தது. அரசன் அதைக் கேட்டான், முனிவர் மறுத்தார், பிடித்து இழுத்துப் பார்த்தான், தோற்றான். ஒரு கைத்தடியை வைத்துக்கொண்டு தன் ஆயுதங்கள் அத்தனையையும் விழுங்கிய மனிதரைப் போலத் தானும் ஆவது என்று அரசைத் துறந்து தவத்தில் உட்கார்ந்தான். அவனே விசுவாமித்திரன். தவம் வளர வளரப் பட்டங்கள் வந்தன. முதலில் ராஜரிஷி, பிறகு ரிஷி, பிறகு மகரிஷி. அவன் விரும்பியது பிரம்மரிஷி என்பதை. கடைசியில் பிரம்மாவே வந்து அதையும் சொன்ன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. வசிஷ்டர் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றான்.

“பிரம்மா சொன்னதுக்கு அப்புறமும் என்ன வேணுமாம்?” என்று கேட்டார் லாரிக்காரர்.

“பிரம்மா எங்கயோ இருக்கறவரு. பக்கத்துல இருந்து பாத்தவன் சொன்னாத்தானே மனசு கேக்கும்.”

அப்போது அவருக்கு இது விளங்கவில்லை. பிற்பாடு விளங்கியது, அதுவே அவருக்கு வினையாயிற்று.

லாரியை விற்றுவிட்டு அவர் அதே கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மனைவி சொன்ன கதை முன்கடையிலிருந்து மாவறைக்குப் பரவ நெடுநாள் ஆகவில்லை. பேக்கிங் அக்கா இருவருக்கும் பெயர் வைத்துவிட்டார். மைத்துனரான மாஸ்டர் வசிஷ்டர், இவர் விசுவாமித்திரர். பெயர் பொருந்தத்தான் செய்தது. மைத்துனர் அதிர்ந்து பேசாதவர். இவரோ ஒரு தட்டு கோணலாக வைக்கப்பட்டிருந்தால்கூட வைத்தவரின் வம்சத்தையே வாயில் போட்டு மெல்லுவார்.

மாவறைக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. பொங்கிக்கொண்டிருக்கும் மாவுக்குக் காற்று ஆகாது என்பதால், எவராயினும் வாசலில் நின்று, “மாஸ்டர், வரலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். கூடத்தின் முதலாளியம்மாவும் கேட்பார். மற்றொன்று உப்பு. மாவு பிசைந்து சேர்ந்து வந்த பிறகு, கடைசியில்தான் உப்புச் சேர்ப்பார்கள். அதை மாஸ்டர் மட்டுமே தம் கையால் போடுவார். வேறு எவரும் உப்புக் கிண்ணத்தைத் தொடுவதில்லை.

விசுவாமித்திரர் வேலையை வெறியோடு கற்றார். அடுப்பின் எந்த மூலை அதிகம் சுடும் என்பது அவருக்குக் கையை நீட்டினாலே தெரிந்தது. அவருடைய ரொட்டிக்கென்றே ஆஸ்பத்திரிச் சமையலறை தனியாகச் சொல்லி அனுப்பியது. வேலையாட்கள் அவரை ஓவன் மாஸ்டர் என்றார்கள். சிறிது காலத்தில் அது சின்ன மாஸ்டர் ஆயிற்று. மாவு ஆலைக்காரர்கள் ஒரு விழாவில் அவரை மேடையேற்றிச் சால்வை போர்த்தி, மாஸ்டர் என்று ஒலிபெருக்கியிலேயே அழைத்தார்கள். முதலாளியம்மாவும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்.

மைத்துனர் மட்டும் கூப்பிடவில்லை. அவருக்கு இவர் மாப்ள.

“மாப்ள, அந்தத் தட்டை எடுங்க.” “மாப்ள, சாப்ட்டீங்களா?” தங்கையின் கணவருக்கு உரிய மரியாதை அத்தனையும் அந்தச் சொல்லில் இருந்தது. குறை சொல்ல அதில் இடமே இல்லை. அதுதான் அவரை அரித்தது.

“உங்க அண்ணன் மரியாதை குடுத்தே என்ன மட்டம் தட்டறாரு,” என்றார் மனைவியிடம்.

“மாப்ளன்னு கூப்பிடாம மாமியான்னா கூப்பிடுவாரு?”

“வேலை செய்யற எடத்துல நான் யாரு? அதச் சொல்லட்டும்.”

“ஊரே சொல்லுது.”

“ஊரு சொல்லி என்ன ஆகப்போகுது?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். “கதைய முழுசா கேட்டீங்களே, அவரு தவம் எப்படியெல்லாம் கரைஞ்சுதுன்னு காதுல வாங்கலயா? கோவப்பட்டுச் சபிக்கும்போதெல்லாம் சேத்து வெச்சது போச்சு.” அன்று முதல் அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. “இன்னிக்குத் தவம் மிச்சம் இருக்கா, எல்லாம் செலவா?” பெரும்பாலும் எல்லாம் செலவாகியிருக்கும்.

இடையில் அவர் கோபித்துக்கொண்டு வெளியேறி, நண்பர் ஒருவருக்காகத் தனி ரொட்டிக்கடை ஒன்றைத் தொடங்கியதும் உண்டு. அந்த நண்பரை வேறெந்தக் கடையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுப்பு வந்தது, புகைபோக்கி வரவில்லை. பெயர்ப்பலகை ஏறியது, உரிமம் ஏறவில்லை. திறந்ததாகவும் சொல்ல முடியாமல் மூடியதாகவும் சொல்ல முடியாமல் அது நின்றது. கதையில் விசுவாமித்திரர் சொர்க்கத்துக்கு அனுப்பி, நடுவானில் தலைகீழாகத் தொங்கிய அரசனின் பெயரால் பேக்கிங் அக்கா அதைத் திரிசங்கு பேக்கரி என்றார். அவர் திரும்பி வந்த நாளில் மைத்துனர் ஒன்றும் கேட்கவில்லை. “வாங்க மாப்ள, அடுப்பு உங்களத்தான் தேடுது,” என்று மட்டும் சொன்னார். அந்தப் பெருந்தன்மையும் இவரைச் சுட்டது.

மனைவி சொன்ன கதைக்கு வேறொரு வடிவமும் உண்டு. அதில் விசுவாமித்திரர் ஆயுதத்தோடு வசிஷ்டரின் குடிசைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார். உள்ளே வசிஷ்டர் தம் மனைவியிடம் அவருடைய தவத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார். கேட்டவர் ஆயுதத்தைப் போட்டுவிட்டுக் காலில் விழுகிறார். இதைக் கேட்ட மறுநாள், மைத்துனர் மாவு மூட்டைகளுக்கு அந்தப் புறம் நின்று தம் மனைவியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, நம்மவர் மூட்டைகளுக்கு இந்தப் புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மைத்துனர் வெகுநேரம் பேசினார். முழங்கால் தைலத்தைப் பற்றிப் பேசினார். தைலத்தின் மூடி திறக்க வராததைப் பற்றிப் பேசினார். கடைசியில், “இரு, பின்னாடி எலி மாதிரி ஏதோ சத்தம் கேக்குது,” என்று சொல்லி வைத்துவிட்டார். இதை மனைவியிடம் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லிவிட்டார். அவள் சிரித்து முடிக்க இரவுச் சாப்பாடு ஆறிவிட்டது.

மைத்துனருக்கு இருமல் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் சளி என்றார்கள். நாளாக ஆக, மாவறைக்குள் நுழைந்தாலே அவருக்கு நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. காலமெல்லாம் சுவாசித்த மாவுத் தூசு மூச்சுக்குழாயைக் கெடுத்துவிட்டது, இனி அந்த அறைக்குள் போகவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். போனால் ஒருநாள் மூச்சு நின்றே போகலாம் என்றும் சொன்னார். மைத்துனர் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்.

முதலாளியம்மா அவரை அழைத்துக் கேட்டார். “மாவறையை யார்கிட்ட ஒப்படைக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும். நீங்க கை காட்டற ஆள்தான் மாஸ்டர்.”

“சொல்றேம்மா. கொஞ்சம் பொறுங்க.”

எல்லோர் காதிலும் விழும்படிதான் இது நடந்தது. நம்மவர் அன்று வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“கொஞ்சம் பொறுங்களாமே! கண்ணு முன்னாடி நிக்கறேன். என் பேரு அவரு வாய்ல வரமாட்டேங்குது. வெளியிலேர்ந்து யாரையாவது கொண்டாந்து வெச்சாருன்னா நான் மறுபடி லாரி எடுத்துருவேன், சொல்லிட்டேன்.”

“எடுங்க. ஆனா ஒண்ணு, கதையில அவரு கடைசியா எதுல தேறினாருன்னு தெரியுமா?”

“இன்னும் ஒரு கதையா?”

“அதே கதைதான். ரொம்ப நாள் பட்டினி கிடந்து, பேசாம தவம் இருந்து, அப்பாடான்னு சாப்பாட்டுல கை வைக்கறாரு. அந்த நேரம் பாத்து இந்திரன் வேற வேஷத்துல வந்து பசிக்குதுங்கறான். அத்தனையும் எடுத்துக் குடுத்துட்டாரு. ஒரு வார்த்தை பேசல. பழைய ஆளா இருந்தா சபிச்சிருப்பாரு. அதுக்கப்புறம்தான் எல்லாம் வந்தது.”

“அவருக்கு ஒரு இந்திரன். எனக்கு உங்க அண்ணன்,” என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

சில நாட்கள் கழிந்தன. ஒரு காலை, மைத்துனர் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்கான ரொட்டி மாவு பிசையும் இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருந்தது. உப்புப் போட வேண்டிய பதம் வந்தது. வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்மவர் கையைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை எடுத்து, அளந்து, உப்பைப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவை. பிறகு அடுப்பைப் பார்க்கப் போனார்.

மருத்துவரிடம் கூட்டம் அதிகமாக இருந்ததால் மைத்துனர் காட்டாமலே திரும்பிவிட்டிருந்தார். எவரிடமும் ஒன்றும் கேட்காமல் நேரே மாவறைக்குள் வந்தார். இயந்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பதம் சரியாக இருந்தது. வழக்கம்போல் உப்புக் கிண்ணத்தை எடுத்தார்.

அடுப்பிலிருந்து திரும்பிய நம்மவர் கண்டது, மைத்துனர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கடைசி உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்ததை. மாஸ்டரைத் தடுக்கத் துணியாத வேலையாட்கள் சிலைகளாக நின்றார்கள். உப்பு இரட்டிப்பானால் மாவு பொங்காது. பொங்கினாலும் ஆஸ்பத்திரியில் எவரும் வாயில் வைக்க முடியாது. எடுத்த எடுப்பில் எகிறுவதற்கு இதைவிடத் தோதான சமயம் அவருக்கு வாய்த்ததே இல்லை. கேட்காமல் போட்டவர் மைத்துனர்; தவறு தம்முடையதன்று. சாட்சிகள் சுற்றிலும் நிற்கிறார்கள். வார்த்தைகள் தொண்டைக்குழிவரை வந்து வரிசையில் நின்றன.

மைத்துனர் இருமினார். இருமலை அடக்க இயந்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்துக்கங்க மாப்ள. தண்ணி குடிச்சுட்டு வரேன்,” என்று சொல்லி வெளியே போனார்.

நம்மவர் உப்புக் கிண்ணத்தை மூடி வைத்தார். பிறகு வேலையாட்களிடம், “வெளியில ஒரு வார்த்தை போகக் கூடாது. அதே அளவுக்கு இன்னொரு மாவு போடுங்க. உப்பு வேணாம்,” என்றார். உப்பில்லாத மாவைத் தனியாகப் பிசைந்து, உப்பு மிஞ்சிய மாவோடு சேர்த்து மறுபடி பிசையவைத்தார். உப்பு சரியாயிற்று. ஆனால் மாவு இரண்டு மடங்கு; வேலையும் இரண்டு மடங்கு; நேரம் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. முதலாளியம்மா வாசலில் நின்று, வரலாமா என்று கேட்க மறந்தே உள்ளே வந்துவிட்டார்.

“என்ன ஆச்சு? யாரோட தப்பு இது?”

“என் பொறுப்பும்மா. இன்னிக்கு நான்தான் பாத்துக்கிட்டேன்.”

“அனுபவப்பட்ட ஆள் நீங்களே இப்படிப் பண்ணலாமா?”

“இனிமே நடக்காதும்மா.”

தட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் இருமுவதுபோல் கனைத்தார். நம்மவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கனைப்பு நின்றது.

ஆனால் ரொட்டியை எங்கே ஒளிப்பது? பகலில் மைத்துனர் முன்கடைக்கு வந்தபோது பேக்கிங் அக்காவின் மேசையில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ரொட்டி குவிந்திருந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாவு எதனால் இரட்டிப்பாகும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார்.

“அக்கா, உப்பு சரியா இருக்கா பாருங்க.”

அக்காவும் ஒரு துண்டைத் தின்று பார்த்தார். “சரியாத்தானே இருக்கு மாஸ்டர். ஏன்?”

“எனக்கு ருசி தெரியல,” என்றார் அவர். “கொஞ்ச நாளாவே தெரியல.” குடையை எடுத்துக்கொண்டு முன்கடை வழியாகவே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அவர் சற்றுத் தாமதமாக வந்தார். மாவு சுழன்றுகொண்டிருந்தது. உப்புக்கான பதம் நெருங்கிக்கொண்டிருந்தது. காலமெல்லாம் கேட்காமல் நுழைந்த அந்த அறையின் வாசலில் அவர் நின்றார். கதவுச் சட்டத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

“மாஸ்டர், வரலாமா?”

வேலையாட்கள் கையிலிருந்ததைக் கையில் பிடித்தபடியே நின்றார்கள். அவர் பின்னால் முதலாளியம்மாவும் நின்றிருந்ததை நம்மவர் பிறகுதான் பார்த்தார். அந்தச் சொல்லுக்காக அவர் மனத்துக்குள் எத்தனையோ பதில்களை ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். பெருமையாகச் சொல்ல ஒன்று, பணிவாகச் சொல்ல ஒன்று, பழைய கணக்கையெல்லாம் தீர்க்கும்படி ஒன்று. எதுவும் இந்தக் கேள்விக்கு ஏற்ற பதிலாக இல்லை. கேட்டவர் உள்ளே வரலாமா என்று கேட்கிறார். அறை முழுவதும் மாவு வெண்புகையாக மிதந்துகொண்டிருக்கிறது. அவர் நெஞ்சின் விசில் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது.

வாங்க மச்சான் என்று சொல்லத்தான் நாக்கு புரண்டது. மாப்பிள்ளையாகச் சொல்வதென்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

“வேணாம் மச்சான்,” என்றார். “தூசு பறக்குது. நீங்க உள்ள வரக் கூடாது.”

“உப்பு மட்டும் போட்டுட்டுப் போயிடறேன்.”

“நான் போட்டுக்கறேன். நீங்க போய் முன்கடையில உக்காருங்க.”

மைத்துனர் அவரை ஒருகணம் பார்த்தார். அது கோபப் பார்வையா, நிம்மதியா என்று நம்மவரால் அன்றும் சொல்ல முடியவில்லை, பிறகும் சொல்ல முடியவில்லை.

“சரி மாஸ்டர்,” என்று சொல்லிவிட்டு அவர் கதவைக் காற்றுப் புகாதபடி மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

அன்று வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி தவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

“சொல்லிட்டாராமே.”

“ம்.”

“எப்படி இருந்துச்சு?”

அவர் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். “உள்ள வரலாமான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன்.” பிறகு, “அதுக்கப்புறம் வசிஷ்டர் என்ன பண்ணாரு? உங்க அப்பா சொன்னாரா?” என்று கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். “இல்ல. அதோட கதைய நிறுத்திட்டு எங்களத் தூங்கச் சொல்லிடுவாரு.”

“உங்க அண்ணனுக்கு போன் போடு,” என்றார் அவர். “நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு. கூட்டம் இருந்தாலும் உக்காந்து காட்டிட்டுத்தான் வரணும்.”

அவள் எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் எடுத்ததும் அவளை முந்திக்கொண்டு மைத்துனரின் குரல் அறைக்குள் கேட்டது. “மாப்ள சாப்ட்டாரா?”